தெலுங்குப் புதுக்கவிதை எங்கே கிடைக்கும்?
நண்பர்களே, தொடங்க 'நானீலு' நல்ல வாசல். தெலுங்குக் கவிஞர் என். கோபி உருவாக்கிய குறுங்கவிதை வடிவம்: 4 அடி, 20 முதல் 25 எழுத்து. எண்ணும்போது தமிழ்க் கணக்கு போடாதீர்கள். நம் 'அக்கா' 3 எழுத்து. தெலுங்கு 'அக்க' 2தான், கூட்டெழுத்து அங்கே ஒன்றாகவே சேரும். இதில் சறுக்கினால் அளவே பிடிபடாது. கோபியின் 'காலான்னி நித்ர போனிவ்வனு' (காலத்தைத் தூங்கவிட மாட்டேன்) கவிதைத் தொகுப்பு 2000இல் சாகித்ய அகாதமி விருது பெற்றது, அவசியம் படியுங்கள்.

இணையத்தில் 'ஈமாட்ட' இதழ் 1998 முதல் வருகிறது, இலவசம். தேடும்போது தெலுங்கு விசைப்பலகையிலேயே தட்டுங்கள்; ஆங்கில எழுத்தில் தட்டினால் சினிமாப் பாட்டுதான் வந்து குவியும். பழைய தொகுப்புகளின் ஸ்கேன் பிரதிகள் பெரும்பாலும் வெறும் படங்கள், உள்ளே வரி தேட முடியாது. கவிஞர் பெயரால் தேடுங்கள். அச்சு நூலுக்கு ஹைதராபாத் காச்சிகூடா நவோதயா புக் ஹவுஸ். கவிதைத் தொகுப்புகள் குறைந்த பிரதிகளே அச்சாகும், கண்ணில் பட்டதும் வாங்கிவிடுங்கள்.