தொலைக்காட்சிக் கேபிள்: விலையன்று, வேக வகையே அளவுகோல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புதிய தொலைக்காட்சி வாங்குவோருக்காகத் தங்கள் நாளிதழில் வெளியான வழிகாட்டிக் கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். திரையின் அளவையும் ஒளிர்வையும் ஒலியமைப்பையும் விரிவாக விளக்கிய அக்கட்டுரை, தொலைக்காட்சியையும் பிற கருவிகளையும் ஒன்றோடொன்று இணைக்கும் கேபிளைப் பற்றி மட்டும் ‘தரமானதாகப் பார்த்து வாங்குங்கள்’ என்ற ஒரே வரியோடு நின்றுவிட்டது. தரமான கேபிள் எது என்பதுதான் பெரும்பாலானோருக்குத் தெரிவதில்லை. அது தெரியாததால்தான் தேவையில்லாத கேபிளுக்குப் பலர் பெரும் பணம் கொடுக்கிறார்கள். வேறு சிலரோ தேவையான கேபிள் இல்லாமல், நல்ல திரையை வாங்கியும் அதன் முழுப் பயனைப் பெறாதிருக்கிறார்கள்.

மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகள் கொண்ட பழைய அனலாக் கேபிளில், கேபிள் மட்டமானால் படம் மங்கும், இரைச்சல் கலக்கும். ‘விலை கூடினால் படம் தெளியும்’ என்ற நம்பிக்கை அந்தக் காலத்தில் வேரூன்றியது. இன்று படத்தையும் ஒலியையும் ஒன்றாகக் கடத்தும் எச்டிஎம்ஐ கேபிளில் செல்வதோ டிஜிட்டல் சிக்னல். அது பிழையின்றிப் போய்ச் சேர்ந்தால் எந்தக் கேபிளிலும் படம் ஒன்றே. பிழை நேர்ந்தால் திரையில் வெண்புள்ளிகள் மின்னும், படம் விட்டுவிட்டு மறையும், அல்லது திரை முற்றிலும் கறுத்துப்போகும். நிறம் ஆழமாகிறது, முகங்கள் உயிர்பெறுகின்றன என்று சொல்லி விற்கப்படும் எச்டிஎம்ஐ கேபிள்கள் அவற்றைச் செய்ய இயலாது. முனையில் பூசப்படும் தங்க முலாம் ஈரக்காற்றால் உலோகம் அரிக்கப்படாமல் காப்பதற்கு உதவும். படத்தின் தரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? நொடிக்கு எவ்வளவு தரவைக் கேபிளால் சுமக்க முடியும் என்பதைப் பார்க்க வேண்டும். நொடிக்கு 60 படச்சட்டங்கள் (பிரேம்கள்) ஓடும் 1080 வரி முழு எச்டி படத்துக்கு ஏறத்தாழ 4.5 ஜிகாபிட் (ஒரு ஜிகாபிட் என்பது நூறு கோடி பிட்) போதும். முழு எச்டியைப் போல் நான்கு மடங்கு புள்ளிகள் கொண்டு அதே வேகத்தில் ஓடும் 4கே படம் 17.8 ஜிகாபிட் கேட்கிறது. வீடியோ கேம் கருவிகள் தரும் 120 படச்சட்டங்கள் கொண்ட 4கே படத்துக்கு இன்னும் கூடுதல் திறன் தேவை. இதற்கேற்பக் கேபிள்களுக்கு முறையான வகைப்பெயர்கள் இருக்கின்றன: ஹை ஸ்பீட் 10.2 ஜிகாபிட்டையும், பிரீமியம் ஹை ஸ்பீட் 18 ஜிகாபிட்டையும், அல்ட்ரா ஹை ஸ்பீட் 48 ஜிகாபிட்டையும் தாங்கும். ஆனால் கடையில் நாம் கேட்பதும் அவர்கள் காட்டுவதும் ‘1.4’, ‘2.0’, ‘2.1’ என்ற எண்களைத்தான். அந்த எண்கள் கருவிகளுக்கான தரநிலைப் பதிப்புகளே தவிர கேபிளின் வகைகள் அல்ல. கேபிளின் மீது பதிப்பு எண்ணை அச்சிடக் கூடாது என்பது எச்டிஎம்ஐ உரிமம் வழங்கும் அமைப்பின் விதியுமாகும். பிரீமியம், அல்ட்ரா வகைகளின் உறையில் கைபேசியால் வருடிச் சரிபார்க்கத்தக்க சான்று முத்திரை இருக்க வேண்டும். அது இல்லாத உறையில் ‘8கே’ என்று எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும் அதை நம்பி வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முழு எச்டி மட்டுமே தரும் செட்டாப் பாக்ஸ் வைத்திருப்பவர், அதனுடன் வந்த கேபிளையே பயன்படுத்தலாம். புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை.

நீளம் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். கேபிள் நீள நீளச் சிக்னல் தேய்கிறது. வேகம் கூடக்கூட அந்தத் தேய்வும் கூடுகிறது. சாதாரணச் செம்புக் கேபிள், 48 ஜிகாபிட் வேகத்தில் சில மீட்டர்களுக்கு மேல் நம்பத்தக்கதல்ல. அதைவிடத் தொலைவுக்கு ஒளியிழை கொண்ட எச்டிஎம்ஐ கேபிள் உண்டு. ஆனால் அதில் சிக்னல் ஒரு திசையில் மட்டுமே செல்லும் என்பதால், எந்த முனை தொலைக்காட்சிக்கு உரியது என்று பார்த்துத்தான் செருக வேண்டும். சுவருக்குள் கேபிளைப் புதைப்பவர்கள் நேரடியாகப் பூசி மூடிவிடாமல், பின்னாளில் மாற்றுவதற்கு இடம் தரும் குழாய்க்குள் செலுத்துவது நல்லது.

கேபிளைக் குறைசொல்லும் முன் பார்க்க வேண்டியவை இரண்டு உண்டு. பல தொலைக்காட்சிகளில் எச்டிஎம்ஐ துளையின் முழுத் திறன் தொடக்கத்தில் அடைத்தே வைக்கப்பட்டிருக்கும். தொலைக்காட்சியின் அமைப்புகளுக்குள் (செட்டிங்ஸ்) சென்று அதை இயக்கினால்தான் உயர்தரப் படம் கிடைக்கும். சவுண்ட்பாரையோ தொலைக்காட்சியின் ஒலியை வெளியே அனுப்பும் ‘ஏஆர்சி’ அல்லது ‘ஈஏஆர்சி’ என்று குறிக்கப்பட்ட துளையில்தான் இணைக்க வேண்டும். வேறு துளையில் செருகிவிட்டு ஒலி வரவில்லை என்று கேபிளை மாற்றுவதால் பயனில்லை.

டிஷ் ஆன்டெனாவிலிருந்து வரும், நடுக்கம்பியைச் சுற்றி உலோகக் கவசம் கொண்ட கோஆக்சியல் கேபிளைப் பெரும்பாலும் பொருத்துநரே தீர்மானிக்கிறார்; நாம் கவனிப்பதில்லை. அங்கே கேபிளின் உலோகம் உண்மையாகவே முக்கியம். கூரைமேல் டிஷ்ஷில் சிக்னலைப் பெற்று அனுப்பும் எல்என்பி என்ற கருவிக்கு 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் செட்டாப் பாக்ஸிலிருந்து அதே கேபிளின் வழியேதான் ஏறுகிறது. செம்பு பூசிய எஃகுக் கம்பியில் உயர் அதிர்வெண் சிக்னல் மேற்பரப்பிலேயே ஓடுவதால் அதற்குக் குறையில்லை. ஆனால் மின்தடை கூடுவதால், தொலைவு மிகும்போது எல்என்பிக்குப் போகும் மின்னழுத்தம் குறைந்து சில சேனல்கள் மட்டும் வராமற்போகலாம். நீண்ட தொலைவுக்கு முழுச் செம்பு நடுக்கம்பி கொண்ட 75 ஓம் ஆர்ஜி-6 வகைக் கோஆக்சியல் கேபிளைக் கேட்டு வாங்குவதும், வெளிப்புற இணைப்பு முனைகளை மழைநீர் புகாதபடி மூடுவதும் செலவுக்கு ஏற்ற பயன் தரும்.

இனி தங்கள் நாளிதழில் தொலைக்காட்சி மதிப்புரைகள் வெளியிடும்போது, எத்தனை எச்டிஎம்ஐ துளைகள் உள்ளன, அவற்றுள் எவை 48 ஜிகாபிட் வரை செல்லும், ஈஏஆர்சி எந்தத் துளையில் உள்ளது, எந்த வகைக் கேபிள் உடன் தரப்படுகிறது என்ற விவரங்களையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன். கேபிள் தயாரிப்பாளர்களும் வேக வகை, நீளம், நடுக்கம்பியின் உலோகம் ஆகிய மூன்றையும் உறையின் முன்பக்கத்திலேயே தெளிவாக அச்சிட வேண்டும் என்று தங்கள் தலையங்கத்தில் வலியுறுத்தினால், வாங்குவோருக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்