பாப்பாவுக்கு, அந்த ரயில் விளையாட்டைப் பற்றி

தர்மபுரி
ஞாயிறு மாலை

அன்புள்ள பாப்பா,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய சப்வே சர்ஃபர்ஸ் ஸ்கோர் படத்தைப் பார்த்தேன், தண்டவாளத்தில் இன்ஸ்பெக்டரிடம் பிடிபடாமல் ஒரு பையன் ஓடுகிற அந்த போன் விளையாட்டு. இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம். ஒரு மாதமாக அந்த இடத்தைச் சுற்றியே நிற்கிறது. "வேகம் ஏறினா கை உதறுதுப்பா, நீங்க எப்படித்தான் தாண்டுறீங்க" என்று கீழே எழுதியிருந்தாய். போனில் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் நீ ஆபீஸ் விட்டு வந்து அடுப்படிக்குப் போகிற நேரத்தில் அரை மணி நேரம் இதைப் பேச முடியாது, அவசரத்தில் பேசினால் எனக்கும் பாதி விட்டுப்போகும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வருடம் மூட்டு ஆபரேஷன் முடிந்து நான் கட்டிலில் கிடந்தபோது, பத்து நாள் லீவில் வந்திருந்த நீ புனே திரும்பும் அன்றைக்கு என் போனில் சப்வே சர்ஃபர்ஸைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாய். அம்மாவுக்கு அப்போது அது பிடிக்கவே இல்லை. எனக்கு முதல் வாரம் ஐயாயிரம்கூடத் தாண்டவில்லை. எதிர்வீட்டுப் பையன், எட்டாவது படிக்கிறானே அவன்தான், சாயங்காலம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பான். அவன் சொன்னது பாதி, நானாகக் கண்டுபிடித்தது பாதி. இப்போது பத்து லட்சத்தைப் பலமுறை தாண்டிவிட்டேன். உனக்கும் வரும், இது கை வேகத்தால் வருகிற விஷயமே இல்லை.

கண்ணில்தான் இருக்கிறது. விளையாட்டில் ஓடுகிற பையனை நீ பார்க்கிறாய். நீ இங்கே இருந்தபோது கவனித்தேன், உன் பார்வை திரையின் கீழ்ப்பக்கமே நிற்கிறது, அவன் காலைப் பார்க்கிறாய். அவனைப் பார்க்கவே கூடாது. திரையில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு, தண்டவாளம் எங்கிருந்து வருகிறதோ அந்த இடத்தைப் பார். அவன் இருக்கிற இடம் ஓரக்கண்ணில் தானாகத் தெரியும், மூன்றே தடம்தானே, எந்தத் தடத்தில் இருக்கிறோம் என்பது கைக்கே தெரிந்துவிடும். நான் தொப்பூர் கணவாயில் எத்தனை வருடம் பஸ் இறக்கியிருக்கிறேன், உனக்குத் தெரியும். புதிதாக வருகிற டிரைவர் பானெட்டுக்கு முன்னால் பத்தடி ரோட்டைப் பார்த்து ஓட்டுவான், வளைவு வந்த பிறகுதான் ஸ்டியரிங்கைத் திருப்புவான், உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்கள் ஒரு பக்கமாகச் சாய்வார்கள். பழகியவன் அடுத்த வளைவில் எந்த லாரி திணறிக்கொண்டு ஏறுகிறது, எது நியூட்ரலில் விட்டுக்கொண்டு இறங்குகிறது என்று முன்னாலேயே பார்த்து வைத்திருப்பான். இந்த விளையாட்டிலும் வேகம் ஏற ஏற, தடையைப் பார்ப்பதற்கும் அது உன் மேல் வந்து மோதுவதற்கும் நடுவில் இருக்கிற நேரம் குறைந்துகொண்டே போகிறது. கை உதறுகிறது என்கிறாயே, கை உதறவில்லை பாப்பா, நீ லேட்டாகப் பார்க்கிறாய். ஒரு வாரம் ஸ்கோரைப் பற்றி நினைக்காமல் மேலே பார்த்து மட்டும் ஓடு. முதல் இரண்டு நாள் இப்போது இருப்பதைவிட மோசமாகப் போகும். விட்டுவிடாதே.

அப்புறம் நடுத் தடம். வேலை இல்லாதபோதெல்லாம் நடுவுக்கு வந்துவிடு. நடுவில் இருந்தால் இரண்டு பக்கமும் விரலால் ஒரே தள்ளலில் போகலாம். ஓரத்தில் இருந்து எதிர் ஓரத்துக்குப் போக இரண்டு தள்ளல் வேண்டும், வேகமாகப் போகும்போது அந்த இரண்டாவது தள்ளலுக்கு நேரம் இருக்காது.

தாவுவதைக் குறைத்துக்கொள். இதை யாரும் சொல்வதில்லை, நானே அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். குனிந்து உருளலாம், தாவவும் செய்யலாம் என்று இரண்டுக்கும் இடம் கொடுக்கிற தடை வந்தால் உருண்டுவிடு. தாவினால் காற்றில் இருக்கிற நேரம் முழுக்க மறுபடி தாவ முடியாமல் மாட்டிக்கொள்கிறாய், வேகம் கூடினால் ஒரு தாவலில் கடக்கிற தூரமும் கூடும், எதன் மேல் போய் இறங்குகிறாய் என்று தெரியாது. தாவித்தான் ஆகவேண்டும் என்றால் தடையைத் தாண்டிய உடனே விரலைக் கீழே இழு, சட்டென்று தரைக்கு வந்துவிடுவான். காற்றில் இருக்கும்போதே தடமும் மாற்றலாம். அதேபோல உருளும்போது பாதியில் தாவவும் முடியும், உருண்டு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த மூன்றையும் நிதானமான வேகத்தில், முதல் ஒரு நிமிடத்துக்குள், வேண்டுமென்றே செய்து பழகு. அந்த உயரம் தாவுகிற ஷூ கிடைக்கும் பார், பலபேர் ஆசையாக எடுப்பார்கள். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. வழியில் அதைக் கண்டால் தடம் மாறிப் போய்விடுவேன்.

சறுக்கு வைத்த ரயில் தெரிந்தால் ஏறிவிடு. ரயில் கூரை மேல் தடை குறைவு, தூரம் நன்றாகத் தெரியும். இறங்கும்போதுதான் கவனம், பக்கத்துத் தடத்தில் எதிரே ரயில் வருகிறதா என்று பார்த்து இறங்கு. ரயில் பக்கவாட்டில் இடித்தால் ஒரு தடவை மன்னிப்பு உண்டு, தடுமாறி ஓடுவான், இன்ஸ்பெக்டர் நாயோடு நெருங்கி வருவார். அவர் பின்வாங்கிப் போகிற வரைக்கும் நாணயம் எதற்கும் ஆசைப்படாமல் ஓடு, அதற்குள் இன்னொரு இடி இடித்தால் பிடித்துவிடுவார்.

நாணயம் என்றதும் என் நோட்டு ஞாபகம் வருகிறது. டிரிப் ஷீட் எழுதின கை சும்மா இருக்குமா. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் எதனால் அவுட் ஆனேன் என்று ஒரு வரி எழுதுவேன். "காசு எடுக்கப் போய்", "தாவி இறங்கி ரயில்", "போன் வந்தது", இப்படி. நாற்பது ஆட்டம் எழுதின பிறகு எண்ணிப் பார்த்தால் பாதிக்கு மேல் காசு எடுக்கப் போய். அந்தக் காசு எத்தனை என்று நினைக்கிறாய், ஐந்து, பத்து. அன்றையிலிருந்து வழியில் இருக்கிற காசு மட்டும்தான் எடுக்கிறேன். வழியில் கிடைக்கிற காந்தம் கையில் இருக்கும்போது அதுவே எல்லாத் தடத்துக் காசையும் இழுத்துவிடும், அப்போதும் நீ தடம் தடமாகத் தாவிக்கொண்டிருந்தாய், தேவையே இல்லை. ஜெட்பேக்கில் பறக்கும்போது தடை எதுவும் கிடையாது, அப்போது ஆசை தீர எடுத்துக்கொள். ஆனால் அது முடிகிற நேரத்தில் கண் கீழே வந்துவிட வேண்டும். நீயும் ஒரு வாரம் எழுது. ஆபீஸ் டைரியில் கடைசிப் பக்கம் போதும்.

இனிமேல் சொல்வதுதான் உன் இரண்டு லட்சத்துக்கு உண்மையான காரணம் என்று நினைக்கிறேன். நீ அனுப்பிய படத்தில் மேலே ஓரமாக எக்ஸ் போட்டு ஒரு எண் இருந்தது, எட்டு. என்னுடையது முப்பது. நீ ஓடுகிற தூரத்தை அந்த எண்ணால் பெருக்கித்தான் ஸ்கோர் போடுகிறார்கள். முப்பதுதான் அதன் உச்சம், அதற்கு மேல் ஓடும்போது எடுக்கிற பூஸ்டர்தான் கூட்டும். நீயும் நானும் ஒரே தூரம் ஓடினாலும் எனக்கு ஏறக்குறைய நாலு மடங்கு வரும். அந்த எண் ஏறுவதற்கு ஒரே வழி மிஷன். மூன்று மூன்றாகக் கொடுப்பார்கள், இத்தனை தடவை உருளு, இத்தனை காசு எடு என்று, மூன்றும் முடித்தால் எண் ஒன்று கூடும். நீ அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டாய். அதனால் ஒரு மாதம் ஸ்கோரை மற. மிஷனுக்காக மட்டும் ஓடு. ஒரு மிஷன் ரொம்பப் படுத்தினால் காசு கொடுத்துத் தாண்டிவிடலாம், விளையாட்டுக் காசைத்தான் சொல்கிறேன். தினமும் ஒரு சொல்லின் எழுத்துகளைப் பொறுக்கச் சொல்வார்கள், அதையும் விடாதே, பரிசு நாளுக்கு நாள் நன்றாக இருக்கும்.

போர்டு, அதாவது காலுக்கடியில் வருகிற பறக்கும் பலகை: திரையை இரண்டு தடவை தட்டினால் வரும், முப்பது விநாடி இருக்கும், அந்த நேரத்தில் மோதினால் போர்டு உடையும், நீ பிழைத்துக்கொள்வாய். ஒன்று முந்நூறு காசு. நீ ஆரம்பத்திலேயே தட்டிவிடுகிறாய், மெதுவாகப் போகும்போது போர்டு எதற்கு? வேகம் முழுதாக ஏறிய பிறகு தட்டு, அதுவும் மாட்டிக்கொண்ட பிறகு தட்டினால் பலன் இல்லை, நெருக்கடி வரும்போல இருக்கிறது என்று தெரியும்போதே தட்டு. அவுட் ஆன பிறகு எழுந்து ஓடக் கொடுக்கிற சாவியை அள்ளி வீசாதே. ஒரே ஓட்டத்தில் முதல் தடவை எழ ஒரு சாவி, அடுத்து இரண்டு, அடுத்து நாலு, எட்டு என்று இரட்டிப்பாகிக்கொண்டே போகும். ஒன்று, இரண்டோடு நிறுத்திக்கொள்.

போன் விஷயம் கொஞ்சம். பேட்டரி சேமிப்பு ஆன் ஆகி இருந்தால் படம் விட்டு விட்டு வரும், அணைத்துவிட்டு ஆடு. திரையைக் காட்டன் துணியால் துடைத்துக்கொள், கை வியர்த்தால் விரல் இழுபடும். கட்டைவிரலைத் திரையின் கீழ்ப்பாதியிலேயே வைத்துச் சின்னதாகத் தள்ளு, நீ மேலே வரைக்கும் விரலை இழுத்துக்கொண்டு போகிறாய், அது வழியையே மறைக்கிறது. 'தொந்தரவு செய்யாதே' போட்டுக்கொள், ஆனால் அம்மா நம்பரை மட்டும் அதிலிருந்து விலக்கி வை. நெட்டை அணைத்தால் விளம்பரம் வராது, ஆனால் அவுட் ஆனதும் விளம்பரம் பார்த்து மறுபடி எழுந்து ஓடுவதும் முடியாது, உனக்கு எது வசதியோ செய். உண்மையான பணம் ஒரு ரூபாய்கூடப் போடாதே. எனக்கு ஒரு தடவை கை தவறி எதையோ அழுத்தி நூற்றைம்பது ரூபாய் போய்விட்டது, அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை, அதற்குப் பிறகு எதிர்வீட்டுப் பையன்தான் வாங்கும்போதெல்லாம் பாஸ்வேர்டு கேட்கிற மாதிரி வைத்துக் கொடுத்தான். நீயும் இன்றைக்கே வைத்துவிடு.

இந்த விளையாட்டு டென்மார்க்கில் செய்தது, 2012ல் வந்தது என்று பையன் சொன்னான். அதற்கு ஒரு வருடம் முன்னால் வந்த டெம்பிள் ரன்னையும் அவன் போட்டுக் கொடுத்தான். அமெரிக்காவில் ஒரு புருஷன் பெண்டாட்டி சேர்ந்து நடத்துகிற சின்னக் கம்பெனி செய்ததாம், அது எனக்கு ரொம்பப் பிடித்தது. அதில் வளைவு வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே தள்ளிவிட வேண்டும், காசுக்குப் போனைச் சாய்க்க வேண்டும். எனக்கு சாய்ப்பது சரிப்படவில்லை.

நெட் இல்லாதபோது குரோமில் வருகிற டைனோசரை விளையாடிப் பார். வத்தல்மலைக்கு உன் சித்தப்பாவோடு போனபோது டவர் இல்லாமல் அதைத்தான் விளையாடினேன். எழுநூறு வந்ததும் திரை ராத்திரியாக மாறும், அப்போது பதறாதே. பறவை உயரமாக வந்தால் ஒன்றும் செய்யாமல் அப்படியே ஓடு, நிறையப்பேர் தாவிப்போய் இடித்துக்கொள்கிறார்கள். உன் கண்ணைத் தள்ளிப் பார்க்கப் பழக்க இதைவிட நல்லது இல்லை, ஒரே தடம், ஒரே வேலை.

கடைசியாக ஒன்று. மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தால் விளையாடு. நின்றுகொண்டு, பிளாட்பாரத்தில், படியில் இறங்கும்போது வேண்டவே வேண்டாம். போன வாரம் நீ பேசும்போது கட்டைவிரல் அடியில், மணிக்கட்டுப் பக்கம் வலிக்கிறது என்றாய். அதை நான் மறக்கவில்லை. இருபது நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் ஆடாதே, இரண்டு கட்டைவிரலையும் மாற்றி மாற்றிப் பழகு, எழுந்து ஜன்னல் வழியாகத் தூரமாகப் பார்த்துக் கண்ணை மூடித் திற. இரண்டு வாரத்தில் வலி போகாவிட்டால் டாக்டரிடம் காட்டிவிடு, தள்ளிப்போடாதே. ஸ்கோர் எங்கேயும் ஓடிப்போகாது.

நீ தினமும் ராத்திரி பத்து மணிக்கு அந்தப் படத்தை அனுப்புகிறாயே, அதற்காக ஒன்பதரைக்கே களியைச் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுகிறேன். சிக்னல் அங்கேதான் நன்றாக இருக்கிறது. அம்மாவும் இப்போதெல்லாம் "இன்னிக்கு எவ்வளவாம்" என்று கேட்கிறாள்.

மிஷன் பக்கத்தைத் திறந்து, இப்போது என்ன மூன்று கேட்டிருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பு. முதல் செட்டை எப்படி முடிப்பது என்று நான் இங்கே ஓடிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். போச்சம்பள்ளிப் பக்கம் நம் ஆள் தோட்டத்தில் செந்தூரா பழுக்க ஆரம்பித்துவிட்டது, வெள்ளிக்கிழமை பார்சல் போடுகிறேன், வீட்டில் இருப்பாயா என்று சொல்.

அன்புடன்
அப்பா