ஆட்டிசம் பெற்றோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

பிள்ளையை ஓர் இடத்துக்குப் பழக்குமுன் அந்த இடத்தைப் பிள்ளைக்குத் தக்கபடி மாற்றிப் பார்ப்பது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். ஏப்ரல் 2 விழிப்புணர்வு நாள் பேரணி அதனால்தான் கைவிடப்பட்டது. மைக்கும் விசிலும் பேண்டு வாத்தியமுமாக ஆட்டிசத்துக்குப் பேரணி போவதில் நம் பிள்ளைகளுக்கு என்ன லாபம் என்ற கேள்விக்குச் செயற்குழுவில் யாரிடமும் பதில் இல்லை.

முதல் மாற்றம் நம் கூட்ட அறையில். பழைய சோக் வைத்த ட்யூப் லைட் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 தடவை மினுங்கும். சோக்கின் ரீங்காரம் வேறு. நம்மில் பலருக்கு இது தெரிவதேயில்லை, சிலருக்கோ அந்த அறையில் உட்காரவே முடியாது. எல்இடி போட்டாயிற்று. மலிவான எல்இடியும் மினுங்கும். செல்போன் கேமராவை விளக்குக்கு நேரே பிடித்துத் திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் அதை வாங்க வேண்டாம். இரும்பு நாற்காலிக் கால்களில் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி மாட்டியதில் இழுக்கும் சத்தம் அடங்கியது. கைதட்டலுக்குப் பதில் கையசைப்பு. கதவோரம் எப்போதும் இரண்டு நாற்காலி காலியாக இருக்கும். எழுந்து போகிறவரை ஏன் என்று கேட்பதில்லை.

அதிக நேரம் எடுத்தது ஆய்வு மாணவர்கள் விஷயம். பாளையங்கோட்டையில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. உளவியல், சமூகப்பணி, சிறப்புக் கல்வி படிப்பவர்கள் வினாத்தாளோடு வந்தபடி இருக்கிறார்கள். வரட்டும், நல்லதுதான். நம் நிபந்தனைகளை மட்டும் இப்போது எழுத்தில் கொடுக்கிறோம். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதம் இல்லாமல் பேச்சே இல்லை. எந்த அறை, யார் கேட்பார், எவ்வளவு நேரம் என்று புகைப்படத்தோடு தமிழில் இரண்டு பக்கத்துக்கு மிகாத விளக்கத்தாளும், கேள்விகளும் ஒரு வாரம் முன்னதாக வீட்டுக்கு வந்துவிட வேண்டும். வாயால் சொல்ல வராதவர் எழுதலாம், செல்போனில் தட்டலாம், படத்தைத் தொட்டுக் காட்டலாம். பஸ் செலவு ஆய்வாளருடையது.

பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகள் 7 முதல் 12 வயது வரை பிள்ளையின் வாய்மொழி இசைவையும், அதற்குமேல் 18 வரை எழுத்து இசைவையும் கேட்கின்றன. பேசாத பிள்ளை காதைப் பொத்தினாலும், தாளைத் தள்ளினாலும், வாசலைப் பார்த்து நடந்தாலும் அதை ‘வேண்டாம்’ என்றே கொள்வோம். மிட்டாய் காட்டி உட்காரவைத்து வாங்குவது இசைவு ஆகாது.

வினாத்தாள்கள் கெடுவது பெரும்பாலும் ‘சில சமயம்’, ‘அடிக்கடி’ என்ற கட்டங்களில். சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிறவர் அங்கேயே நின்றுவிடுவார். ‘வாரத்தில் எத்தனை நாள்’ என்று மாற்றினால் பதில் வரும். ‘பஸ்ஸிலும் கடையிலும் சிரமம் உண்டா?’ என்று கேட்டால், பஸ்ஸில் உண்டு, கடையில் இல்லை என்பவர் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பார்? அம்மா சொல்வதைப் பிள்ளையின் பதில் என்று எழுதக்கூடாது, அதற்குத் தனிப் பத்தி வேண்டும். ஆட்டிசம் நோயல்ல; ‘நோய் எப்போது தாக்கியது’ என்று கேட்கும் தாள்கள் திருப்பி அனுப்பப்படும். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் வரைவை வாசித்துத் திருத்தினால் இவற்றில் பாதி முதலிலேயே அகப்பட்டுவிடும். அந்த வேலைக்கு ஊதியம் தர வேண்டும் என்பதிலும் சங்கம் உறுதியாக இருக்கிறது.

மாற்றுத்திறனாளி சான்றிதழில் திரும்பத் திரும்ப வரும் குழப்பம் ஒன்று. ஆட்டிசத்தின் அளவை மதிப்பிடும் ஐஎஸ்ஏஏ அளவுகோலில் 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. ஆகவே எவருக்கும் குறைந்தபட்சமே 40 வந்துவிடும். அது சான்றிதழில் வரும் 40 சதவீதக் குறைபாடு அல்ல. 70 மதிப்பெண்தான் 40 சதவீதத்துக்குச் சமம். மதிப்பிடுபவர் முன்னால் பிள்ளையை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் நல்லதை மட்டும் சொல்கிற பெற்றோர் உண்டு. வீட்டில் எடுத்த ஓரிரு நிமிட வீடியோக்களைக் கொண்டுபோங்கள். ஆதாரில் உள்ள இனிஷியலும் விண்ணப்பத்தில் உள்ளதும் ஒன்றாக இருக்கட்டும். தென்காசி 2019-இல் தனி மாவட்டமான பிறகும் முகவரியில் திருநெல்வேலி மாவட்டம் என்றே வைத்திருப்பவர்கள் முதலில் அதைத் திருத்துங்கள்.

பிள்ளைக்கு 18 முடிந்தால் பெற்றோர் தாமாகவே சட்டப் பாதுகாவலராகத் தொடர்வதில்லை. தேவைப்படுவோர் 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

அடுத்தது கோயில் கொடை விழாக்களின் சத்தம். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு, திருவிழாவுக்கு விலக்கும் உண்டு. சட்டத்தைக் காட்டி ஊரோடு பகைப்பதைவிட வரி பிரிக்க வரும்போதே விழாக் கமிட்டியிடம் பேசுவது மேல். வேட்டு எத்தனை மணிக்கு, மேளம் எந்தத் தெரு வழியே, குழாய் ஒலிபெருக்கி எந்தத் திசை பார்த்து என்ற மூன்றும் தெரிந்தால் போதும். திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். இருபுறமும் சுவருள்ள சந்தில் அந்த அளவு குறையாது. காதில் பஞ்சு வைத்துப் பெரிய பயனில்லை. காதை முழுக்க மூடும் காதடைப்பான் 20 டெசிபலுக்கு மேல் குறைக்கும். அதை நாள் முழுக்க மாட்டிவைத்தால் காது சின்னச் சத்தத்துக்கும் கூசத் தொடங்கும்; வேட்டு முடிந்ததும் கழற்றிவிடுங்கள். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரையும் நிலையில் நிற்கும்போதே போய்க் காட்டிவிடலாம்.

தண்ணீர் பற்றி ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறோம், இந்த ஆண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பிள்ளைகள் பலருக்குத் தண்ணீர் மேல் தீராத ஈர்ப்பு; சுற்றிலும் தாமிரவருணி, பாளையங்கால்வாய், கோடகன் கால்வாய், குளங்கள். பிள்ளையைக் காணோம் என்றால் அக்கம்பக்கத்து வீடுகளில் தேடி நேரத்தை விடாதீர்கள். ஒருவர் நேரே பக்கத்து வாய்க்கால் கரைக்கு ஓட வேண்டும், இன்னொருவர் 112-ஐ அழைக்க வேண்டும். வாசல் கதவின் உச்சியில் ஒரு தாழ்ப்பாளும், சட்டையின் உள்பக்கம் போன் எண் தைத்த துணியும் இன்றே முடிகிற காரியம்.

வரும் ஆண்டில் பிள்ளைகளுக்குச் சலூனில் முடிவெட்டும் விஷயத்தை எடுத்துக்கொள்கிறோம். கூட்டமில்லாத மதிய நேரம், மெஷினுக்குப் பதில் கத்தரி, தண்ணீர் தெளிக்காமல், கழுத்தில் வீட்டுத் துண்டு. முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வந்தாலே போதும். ‘முடிஞ்சிட்டு’ என்று சொல்லிவிட்டு மேலும் வெட்டினால் அடுத்த தடவை பிள்ளை படியே ஏறாது. சலூன்காரரிடம் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவருக்கு அதிக நேரம் பிடிக்கும் என்பதால் கூலியும் கூட்டித்தான் கொடுக்க வேண்டும். தங்கள் தெருவில் பேசிப் பார்க்க முன்வருவோர் கூட்டம் முடிந்ததும் துணைச் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும்.