கேம் மட்டும் மாற்றினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேகத்துக்காக மாற்றியமைக்கப்படும் அமெரிக்க ஹாட் ராட் கார்களைப் பற்றி வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரை, செவர்லே 350 எஞ்சினில் பெரிய கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் மேடுகள் கொண்ட தண்டு, சுருக்கமாக கேம்) போட்டால் சக்தி கூடும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அதை நம்பி கேமை மட்டும் மாற்றுபவரின் எஞ்சின் பாழாகும்.

1967இல் கமாரோவில் அறிமுகமான இந்த எஞ்சினில், கேமின் மேட்டில் உட்காரும் லிஃப்டர் புஷ்ராட் என்ற கம்பியைத் தள்ள, அது ராக்கர் என்ற நெம்புகோல் வழியாக வால்வைத் திறக்கும். ராக்கரின் விகிதம் 1.5. கேமின் மேடு 0.300 அங்குலம் தூக்கினால் வால்வு 0.450 திறக்கும். 1.6 ராக்கர் போட்டால் அதே கேமில் 0.480. கூடுதலான 0.030க்கு இடம் இருக்கிறதா என்று முதலில் அளக்க வேண்டும். வால்வு மூடியிருக்கையில் ஸ்பிரிங் உயரம் 1.700, சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டும் உயரம் 1.150 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.550. அதில் பாதுகாப்புக்கு 0.060 விட்டுவிட்டால் மீதி 0.490, ஆக 0.480ஐ ஸ்பிரிங் தாங்கும். ஆனால் பலரும் கோட்டை விடுவது இதற்கு அடுத்த இடத்தில். ஸ்பிரிங்கின் தலையில் உட்காரும் ரீடெய்னர் இறங்கி வந்து வால்வு கைடின் (வால்வின் தண்டு ஓடும் குழாய்) சீலில் இடிக்கும். அங்கேயும் 0.050 இடைவெளியாவது வேண்டும். இல்லையென்றால் புஷ்ராட் வளையும், ஹெட்டில் (சிலிண்டர்களை மூடும் மேல்பகுதி) அடித்துச் செருகிய ராக்கர் ஸ்டட் (ராக்கரைத் தாங்கும் தண்டு) பிடுங்கிக்கொண்டு மேலே வரும். கடினமான ஸ்பிரிங் போடுவதாக இருந்தால் மரை ஸ்டட்டுக்கு மாறிவிடுங்கள். 1.6 ராக்கரில் புஷ்ராட் ஸ்டட் பக்கமாக நெருங்குவதால், ஹெட்டின் துளையில் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

வால்வு பிஸ்டனில் படுமா என்று அறிய, பிஸ்டன் மேல் களிமண் ஒட்டி, ஹெட்டை மாட்டி, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். கழற்றி, களிமண்ணைப் பிளேடால் அறுத்து, மிக மெலிந்த இடத்தை அளந்தால் இன்டேக் (உள்ளிழுக்கும்) வால்வில் 0.080, எக்ஸாஸ்ட் (புகை வெளியேற்றும்) வால்வில் 0.100க்குக் குறையக் கூடாது. உள்ளே ஆயில் நிரம்பி வேலை செய்யும் ஹைட்ராலிக் லிஃப்டர் அமுங்கித் தப்பான அளவு காட்டும். சோதனைக்கு அமுங்காத சாலிட் லிஃப்டர்தான் சரி.

லிஃப்டர் உருளை இல்லாமல் நேராக உரசும் ஃபிளாட் டாப்பெட் கேமுக்குப் பழைய லிஃப்டர் கூடவே கூடாது. இரண்டு புது லிஃப்டர்களை முகத்தோடு முகம் வைத்தால் லேசாக ஆடும். அந்த நுண்ணிய குவிவுதான் லிஃப்டரைச் சுழல வைக்கிறது. தேய்ந்து தட்டையானது சுழலாது, கேமின் மேட்டை அரைத்து இரும்புத் தூளைப் பேரிங்குக்கு அனுப்பும். புதிதாகப் போட்டதும் ஐடிலில் விடாமல், துத்தநாகம் கலந்த ஆயிலோடு 2000 முதல் 2500 ஆர்பிஎம்மில் 20 நிமிடம் ஓட்டுங்கள். இரட்டை ஸ்பிரிங் என்றால் அந்த 20 நிமிடத்துக்கு உள் ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
எஞ்சின் வேலை அறிந்த வாசகர்