உன் 110-ஐ நான் நம்பவில்லை

அன்பு நண்பா,

ஏழு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டுவதையெல்லாம் சேர்த்து வை, நேரில் வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லாரும் நலம், தம்பிக்கு உன்மேல் இருந்த கோபம் இன்னும் ஆறவில்லை, அதை நீங்கள் இரண்டு பேரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் கண்ணாடி மாற்றலாம் என்று கண் டாக்டரிடம் போனேன். சுகர் இருக்கிறதா என்று கேட்டார், சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்த்தார். இரண்டு விழித்திரையிலும் பொட்டுப் பொட்டாக ரத்தக் கசிவு. அதற்குச் சற்று முன்னால்தான் கடைசி வரிசை எழுத்துவரை தடுமாறாமல் படித்திருந்தேன்டா! வலி இல்லை, மங்கல் இல்லை, ஒன்றுமே இல்லை.

அப்போதிலிருந்து உன் நினைவுதான். "எனக்குத்தான் ஒன்றும் செய்யவில்லையே" என்பாய். நம் கணக்கு வாத்தியாரும் அதைத்தான் சொன்னார், சுகரால் பாதம் மரத்துப்போய், செருப்புக்குள் கிடந்த கல் தெரியாமல் நாள் முழுக்க நடந்துவிட்டு. டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பு வாயைக் கட்டி, வெறும் வயிற்றில் 110 என்று காட்டுகிறாயே, நானும் அதையேதான் செய்தேன். ஹெச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்த டெஸ்ட், எடுத்தால் 9.1 சதவீதம். ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் இருக்கும், அத்தனை நாளும் தன்மேல் ஒட்டிய சர்க்கரையைச் சுமந்துகொண்டே திரியும், நம் இரண்டு நாள் பத்தியம் அதனிடம் பலிக்காது. பெரும்பாலானவர்களுக்கு 7-க்குக் கீழே இருக்க வேண்டுமாம்.

இன்னொன்று, இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன். பிரிட்டனில் புதிதாகச் சுகர் வந்தவர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது, ஒரு பிரிவினருக்குச் சர்க்கரையை இறுக்கிப் பிடித்தார்கள், இன்னொரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. அது முடிந்த ஒரே வருஷத்தில் இரண்டு பிரிவினருக்கும் சர்க்கரை அளவு ஒன்றாகிவிட்டது. ஆனாலும் ஆரம்பத்தில் இறுக்கிப் பிடித்தவர்களுக்குப் பத்து வருஷம் கழித்தும் கண், சிறுநீரகப் பாதிப்பு குறைவு, மாரடைப்பும் குறைவு என்று 2008-ல் வெளியிட்டார்கள். உனக்குச் சுகர் வந்து இரண்டு வருஷம்தானே ஆகிறது? அந்த ஆரம்பம் இப்போது உன் கையில் இருக்கிறது. என் ஆரம்பத்தை நான் விட்டுவிட்டேன்.

அதற்காக நீயாகவே மாத்திரையைக் கூட்டி, பட்டினி கிடந்துவிடாதே. ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் அதுவும் ஆபத்து. டாக்டரைக் கேட்டுச் செய். அப்புறம் கண், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், பாதம் மூன்றையும் வருஷத்துக்கு ஒருமுறை பார்த்துவிடு.

பதில் நீளமாக வேண்டாம். ஹெச்பிஏ1சி எடுத்து அந்த எண்ணை மட்டும் எழுது. இந்த வாரமே.

உன் நண்பன்