கயிறு பிடிக்க யார்?

நம்புதாளை

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். உன் நலமும் மாப்பிள்ளையின் நலமும் அறிய ஆவல்.

நீ தம்பிக்கு அனுப்பிய படங்களை அவன் காட்டினான். எனக்கு அனுப்பவில்லை. என் போனில் இடம் இருக்காது என்று நினைத்திருப்பாய். இடம் இருக்கிறது தாயி. காலை வணக்கம், இரவு வணக்கம் என்று வந்து குவிந்ததையெல்லாம் அழித்துவிட்டேன்.

பலூன் தைக்கிறாய் என்று தம்பி சொன்னபோது ஏதோ பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஆள் ஏறிப் பறக்கிற பலூன் என்பது அப்புறம்தான் விளங்கியது. அம்மாவிடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன். தையல் வேலை செய்கிறாள் என்றதும் அவளுக்குச் சந்தோஷம். அப்படியே இரண்டு ரவிக்கையும் தைத்துக்கொள்ளட்டும் என்றாள். மீதிப் பாதியை நீயே சொல்லிக்கொள்.

படங்களைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தையல் நன்றாக வந்திருக்கிறது. முகத்துக்காகச் சொல்லவில்லை, முப்பது வருஷம் படகுக்குப் பாய் தைத்தவன் சொல்கிறேன். மடித்து, மடிப்பின் மேலேயே இரட்டைத் தையல் ஓட்டியிருக்கிறாய் பார், அது சரியான முறை. ஆனால் நாலாவது துணிக் கீற்றும் ஐந்தாவது கீற்றும் சேருகிற இடத்தில், உச்சியிலிருந்து ஒரு முழம் கீழே, துணி சுருக்கம் விழுந்திருக்கிறது. பாபின் நூல் இறுக்கமாக இருக்கிறது. அதைப் பிரித்துவிட்டு மறுபடி ஓட்டு. தையலை நெருக்கமாகவும் போடாதே. இஞ்சுக்கு எட்டுக்கு மேல் போனால் துணி தபால்தலை மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழியும். சிலிக்கான் பூசிய நைலான் வழுக்குகிறது என்று குண்டூசி குத்தாதே, ஓட்டை அப்படியே நிற்கும். கிளிப் போட்டுப் பிடி.

24 கீற்று, கீற்றுக்குப் பதினாறு மீட்டர் என்றால் 400 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான மடிப்பு. இரட்டைத் தையல் என்றால் 800 மீட்டர். இதை ஒரே ஆளாக உட்கார்ந்து தைத்திருக்கிறாயே! துணியைத் தள்ளிக் கொடுக்க எதிர்ப்பக்கம் ஒருத்தர் இருந்தால் பாதி நேரத்தில் முடியும். சின்ன வயதில் எனக்கு நீதான் தள்ளிக் கொடுப்பாய். அது உனக்கு மறந்திருக்காது.

நாடா விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதே. பாரத்தைத் தாங்குவது துணி இல்லை, உச்சி வளையத்திலிருந்து வாய் வரைக்கும் ஓடுகிற நாடாதான். பாயிலும் அப்படித்தான், விளிம்புக் கயிறு போனால் பாயே போயிற்று. வாய்ப்பக்கத்தில் நோமெக்ஸ் என்று ஏதோ தீப்பிடிக்காத துணி போடப்போவதாக எழுதியிருக்கிறாய். நல்லது. உச்சியில் சூட்டுமானி ஒன்று கட்டாயம் வை. அங்கே 120 டிகிரியைத் தாண்டவிட்டால் நைலான் பலம் இழக்கத் தொடங்கும். அது கண்ணுக்குத் தெரியாது. தையல் மேலே பார்வைக்கு அப்படியேதான் இருக்கும்.

உன் கணக்குத் தாளையும் நானும் தம்பியும் உட்கார்ந்து சரிபார்த்தோம். பலூனின் கொள்ளளவு 600 கன மீட்டர், உள்ளே காற்று 100 டிகிரி, வெளியே விடிகாலைக் குளிர் 10 டிகிரி. உங்கள் ஊர் ஆல்புகர்க்கி கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 1,600 மீட்டர் என்பதால் காற்றழுத்தம் நம் கடற்கரையைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. அப்படியும் குளிர் கைகொடுப்பதால் ஒரு கன மீட்டருக்குக் கால் கிலோ தூக்கும். ஆக மொத்தம் 150 கிலோ. கணக்கில் தப்பு இல்லை. ஆனால் பறப்பவர் எடை 49 என்று போட்டிருக்கிறாய். போன தடவை இங்கே வந்தபோது 58 என்றாயே! நான் 58 என்றே போட்டுப் பார்த்தேன். பலூனும் பர்னரும் இருக்கையும் சேர்ந்து 70, எரிவாயு 19, நீ 58. 147 வருகிறது. அப்போதும் மூன்று கிலோ மிச்சம். அதனால் பலூனுக்காக நீ பட்டினி கிடக்க வேண்டியதில்லை, தாராளமாகச் சாப்பிடலாம். மிச்சம் போதாது என்று தோன்றினால் துணியைக் கூட்டு, உன்னைக் குறைக்காதே.

அந்த இருக்கையைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போலிருந்தது. கூடை இல்லை, பலகை மாதிரி ஒன்று, முதுகுக்குப் பின்னால் சிலிண்டர். ஒரே ஒரு ஆளுக்கு. ஏன் ஒருவருக்கு மட்டும் என்று தம்பியைக் கேட்டேன். அமெரிக்காவில் 155 பவுண்டுக்குள், அதாவது நம் 70 கிலோவுக்குள் எடை இருந்து, ஒருவர் மட்டும் பொழுதுபோக்குக்காகப் பறந்தால் லைசென்ஸும் வேண்டாம், பதிவும் வேண்டாம் என்றான். இரண்டு பேர் என்றால் சட்டம் வேறாம். சரி. சட்டத்துக்காகத்தான் ஒன்று என்றால் சரி.

கராஜில் துணி விரிக்க நல்ல இடம் கிடைத்திருக்கிறது. முன்பு அனுப்பிய படங்களில் அந்த இடத்தில் வெள்ளை வண்டி நிற்கும். வெளியே வெயிலில் விட்டால் பெயிண்ட் போய்விடும் என்று மாப்பிள்ளையிடம் சொல்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். தனியாகவே விரித்துத் தனியாகவே மடித்து, காரின் பின்பக்கம் போட்டுக்கொண்டு போய்விடலாம், அதுதான் இந்தச் சின்ன பலூனின் சௌகரியம் என்று தம்பிக்கு எழுதியிருக்கிறாய். அப்படிச் செய்கிறவர்கள் இருக்கலாம். எனக்கு மனது ஒப்பவில்லை. மின்விசிறி வைத்துக் காற்றை நிரப்பும்போது வாயைப் பிடிக்க ஆள் வேண்டும். உச்சிக் கயிற்றை இழுத்துப் பிடித்து நிற்க இன்னொரு ஆள் வேண்டும். பர்னரைத் திறந்து பலூன் எழும்புகிற நேரத்தில் பக்கவாட்டில் ஒரு காற்று வந்தால், அந்தக் கயிறு யார் கையில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். இறங்குகிற இடம் இன்னது என்று உனக்கே தெரியாது, அதனால் பின்னாலேயே வண்டி ஓட்டி வர ஆள் வேண்டும். கயிறு பிடிக்கிறவர் யார்? வண்டி ஓட்டுகிறவர் யார்? நம் பக்கத்தில் வத்தைப் படகில் பாய் விரிக்கிறவர்கள், படகு சாயாமல் பலகையில் ஏறி நிற்க ஆள் இல்லாமல் விரிப்பதில்லை. ஆள் வரவில்லை என்றால் அன்றைக்குத் தொழில் இல்லை, அவ்வளவுதான்.

தம்பி இன்னொரு கதையும் படித்துக் காட்டினான். ஜெர்மனி இரண்டாகக் கிடந்த காலத்தில், 1979 செப்டம்பரில், கிழக்குப் பக்கத்து இரண்டு குடும்பங்கள் வீட்டிலேயே பலூன் தைத்து ராத்திரியோடு ராத்திரியாக எல்லையைத் தாண்டி மேற்கே போய் இறங்கின. முதலில் தைத்தது காற்றைப் பிடிக்காத துணி, வீணாயிற்று. இரண்டாவது எல்லைக்கு இந்தப் பக்கமே விழுந்தது. மூன்றாவது கொண்டுபோய்ச் சேர்த்தது. தைத்தது காலால் மிதிக்கிற பழைய மெஷினில் என்று கேட்டதும் எனக்கு எழுந்து உட்காரத் தோன்றியது. அப்புறம்தான் அதற்கு மோட்டார் மாட்டினார்களாம். அதில் போனது எட்டுப் பேர். நான்கு பெரியவர்கள், நான்கு பிள்ளைகள். எரிவாயு நடுவானில் தீர்ந்துபோயும் 28 நிமிஷத்தில் அந்தப் பக்கம் இறங்கிவிட்டார்கள். எட்டுப் பேரும் ஒன்றாக.

காற்றைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன். உங்கள் ஊரில் குளிர்ந்த விடியலில் ஆற்றோரமாகக் கீழ்க்காற்று தெற்கே இழுக்கும், கொஞ்சம் மேலே போனால் வடக்கே திருப்பும், அதனால் கிளம்பிய இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து இறங்கலாம் என்கிறார்கள். 1972ல் 13 பலூனோடு தொடங்கிய திருவிழாவை அக்டோபர்தோறும் அங்கேயே நடத்துவதற்கு அதுவும் ஒரு காரணமாம். நம் ஆட்கள் விடியலில் கரைக்காற்றில் போய் மதியத்துக்கு மேல் கடல்காற்றில் திரும்புவதும் இதே சூத்திரம்தான், படித்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் தாயி, காற்று தினமும் சொன்னபடி கேட்காது. பலூனுக்குச் சுக்கானும் கிடையாது. ஏறலாம், இறங்கலாம், அவ்வளவுதான். வெயில் ஏறிவிட்டால் கீழிருந்து கிளம்புகிற சூட்டுக்காற்று தூக்கிப் போடும், அதற்குள் இறங்கிவிட வேண்டும். விடிகிற நேரத்தில் காற்று மெதுவாக இருந்தால் பற, இல்லாவிட்டால் துணியை மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போ. கயிறு பிடிக்க ஆள் இல்லாவிட்டாலும் அப்படியே.

மின்கம்பியைக் கண்டால் ஒதுங்கு. 2021 ஜூனில் உங்கள் ஊரிலேயே ஒரு பலூன் மின்கம்பியில் மோதி ஐந்து பேர் போனதை நான் படித்தேன். படித்துவிட்டுத் தம்பியிடம்கூடச் சொல்லவில்லை. கம்பி குறுக்கே வந்தால் கடைசி நேரத்தில் மேலே ஏறித் தாண்டிவிடலாம் என்று நினைக்காதே. பலூன் நினைத்த உடனே ஏறாது, சூடு ஏறி அது அசைவதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். முன்கூட்டியே இறங்கிவிடு. வயல் மிதிபட்டால் மிதிபடட்டும், மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

இங்கேயே வந்து பறக்கலாமே என்று தம்பி கிண்டல் செய்தான். உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம், வானத்தில் நம்மை விட்டுவைப்பார்களா? மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில் ஏறினால் கடலுக்கு மேலே போய்விடும், அப்புறம் இலங்கைக்காரனிடம் மாட்டிய படகின் கதைதான். வாடையில் ஏறினால் கரைக்குள் வரும், ஆனால் இறங்க இடமெல்லாம் சீமைக் கருவேலம். அந்த முள்ளில் விழுந்தால் நீ தைத்த 800 மீட்டரும் சல்லடை. பொள்ளாச்சியில் பொங்கலை ஒட்டிப் பலூன் திருவிழா நடத்துகிறார்கள். ஆசை இருந்தால் அந்தச் சமயம் பார்த்து வா, எல்லோருமாகப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். எல்லோருமாக என்றால் யார் யார் வருகிறீர்களோ எல்லோரும். தனியாக வந்தாலும் வா.

ஊர்ச் சேதி அதிகமில்லை. அத்தைக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆயிற்று, இப்போது எல்லோரையும் அடையாளம் தெரிகிறது, அதுவே தொல்லையாக இருக்கிறது. பாய் வேலை வருஷத்துக்கு வருஷம் குறைகிறது. பாய்மரப் போட்டி வந்தால்தான் நாலு பேர் தேடி வருகிறார்கள். மற்றபடி தார்ப்பாயும் பந்தல் துணியும்தான். தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நீங்கள் வராததை அம்மா இன்னும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சொல்கிறாள். விசா, லீவு என்று நானும் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன். சித்திரையில் பேசியபோது மாப்பிள்ளை குளிக்கிறார் என்றாய். அப்புறம் பேசியபோது தூங்குகிறார் என்றாய். அலுப்பாக இருக்கும், தூங்கட்டும்.

உன்னை நான் எதற்கும் தடுத்தது கிடையாது. தடுக்கப்போவதும் இல்லை. நம் குடும்பத்தில் துணியை நம்பிக் கடலுக்குப் போனவர்கள் உண்டு, துணியை நம்பி மேலே போகிறவள் நீதான். இதை நான் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்ளத்தான் போகிறேன், அம்மா காதுக்குப் போகாமல் இருந்தால் போதும்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். உச்சிக் கயிற்றைப் பிடிக்கப்போகிறவர் பேரை எழுது. மாப்பிள்ளை என்றால் சரி. மாப்பிள்ளை இல்லை என்றாலும் சரி, அதை நீ எப்போது சொல்கிறாயோ அப்போது கேட்டுக்கொள்கிறேன், அதுவரை கேட்கமாட்டேன். வேலை செய்கிற இடத்தில் ஒரு தோழி, பக்கத்து வீட்டுக்காரர், பலூன்காரர்கள் கூட்டத்தில் ஒருத்தர், யாராக இருந்தாலும் சரி. ஒரு ஆள் பேர் வேண்டும், அவருடைய போன் நம்பர் வேண்டும். அந்த ஊரில் பலூன்காரர்களுக்கா பஞ்சம்? போய்ப் பழகு. தையலைக் காட்டினால் போதும், தொழில் தெரிந்தவர்கள் மதிப்பார்கள்.

பறக்கிற நாளை முன்கூட்டியே சொல். அங்கே காலை ஏழு மணி என்றால் இங்கே மாலை ஆறரை. கடையைச் சாத்திவிட்டுப் போனோடு உட்கார்ந்திருப்பேன். இறங்கியதும் முதல் போன் எனக்கு, தம்பிக்கு இல்லை.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: நாலாவது, ஐந்தாவது கீற்றுத் தையலைப் பிரித்துத் தைத்ததும் படம் அனுப்பு. என் போனுக்கு அனுப்பு. உள்பக்கமும் வெளிப்பக்கமும் தெரிய வேண்டும்.