முதலில் எழுந்தது கீழ்த்தளம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடற்படை தினத்தையொட்டி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். 1971 டிசம்பர் 4 இரவு நிர்காட், நிபாட், வீர் ஆகிய ஏவுகணைப் படகுகள் கராச்சியைத் தாக்கிய கதையைக் கட்டுரையாளர் நன்றாகவே சொல்லியிருக்கிறார். ஆனால் கடற்படை இந்தியர் கைக்கு வந்ததை '1947 ஆகஸ்ட் 15' என்று ஒரே வரியில் தாண்டிவிட்டார். 15 வருடம் கடற்படையின் சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவன் நான். அந்த வரியை அப்படியே விட மனம் வரவில்லை.

பிரிவினையில் நம் பங்குக்கு வந்தவை 32 பழைய கப்பல்களும் சுமார் 11,000 பேரும். தலைமை வரவில்லை. தரைப்படைக்குக் கரியப்பா 1949-இலும், விமானப்படைக்கு சுப்ரதோ முகர்ஜி 1954-இலும் வந்துவிட்டார்கள். கடற்படையில் மட்டும் 1958 ஏப்ரல் வரை பிரிட்டிஷ் அதிகாரிகளே தலைவர்கள். இந்தியர்களை அதிகாரிகளாக எடுக்கவே அவர்களுக்கு 1928 வரை மனம் வரவில்லை. அதனால் ஒரு படையை நடத்தும் பணிமூப்பு விடுதலையின்போது நம்மவர் யாருக்கும் இல்லை. 1958 ஏப்ரல் 22 அன்று பொறுப்பேற்ற முதல் இந்தியர் ராம்தாஸ் கட்டாரி, செங்கல்பட்டில் பிறந்தவர். இதைச் சொன்னால் நம் ஊர்ப் பிள்ளைகள் எவ்வளவு சந்தோஷப்படுவார்கள்!

ஆனால் கடற்படையில் 'கீழ்த்தளம்' என்று சொல்லப்படும் சாதாரண மாலுமிகள் அதற்கு 12 ஆண்டு முன்பே பிரிட்டிஷாரை எதிர்த்து எழுந்துவிட்டார்கள். 1946 பிப்ரவரி 18, பம்பாய், 'தல்வார்'. பெயர்தான் கப்பல் மாதிரி. அது கரையில் இருந்த சிக்னல் பயிற்சித் தளம். சுவரில் 'வெள்ளையனே வெளியேறு' என்று எழுதியதற்காக பி.சி. தத் என்ற தந்தியாளர் அந்த மாதத் தொடக்கத்திலேயே கைதாகியிருந்தார். தளபதி கிங் மாலுமிகளைக் கேவலமாகத் திட்டியதில் எல்லோரும் கொதித்துப்போயிருந்தார்கள். அதோடு வாயில் வைக்க முடியாத சாப்பாடு. அன்று காலை தட்டைத் தொட மறுத்தார்கள். சில நாட்களில் 78 கப்பல்கள், 20 கரைத்தளங்கள், 20,000 மாலுமிகள். காங்கிரஸ், முஸ்லிம் லீக், கம்யூனிஸ்ட் கொடிகள் மூன்றும் ஒன்றாக ஏறின.

கொச்சியில் நான் பயிற்சியில் இருந்தபோது நம்மூர்க்கார பெட்டி ஆபீசர் (மூத்த மாலுமி) ஒருவர் கேட்டார்: "பம்பாய்ல ஆரம்பிச்சது அவ்வளவு சீக்கிரம் கராச்சி வரைக்கும் எப்படிப் போச்சு தெரியுமா? வயர்லெஸ் நம்ம பிராஞ்ச் கையில இருந்துச்சுடா." அன்றிலிருந்து காதில் ஹெட்போன் மாட்டும்போதெல்லாம் அவர்கள் நினைவு வரும்.

சாப்பாடு ஒரு காரணமா என்று சிலர் கேட்பார்கள். கடலில் மாதக்கணக்கில் இருப்பவனுக்கு அந்தத் தட்டுதான் மரியாதை. எங்கள் காலத்தில் டியூட்டி ஆபீசர் சமையல்கட்டுக்கு வந்து, பருப்பை ஒரு கரண்டி எடுத்து ருசி பார்ப்பார். சரியில்லை என்றால் அங்கேயே சொல்லுவார். அப்புறம்தான் எங்கள் வரிசை நகரும். 1946-இல் தட்டைத் தள்ளியவர்களுக்கு அப்படி ஒரு அதிகாரி வாய்க்கவில்லை.

பம்பாய்த் தெருக்களில் துப்பாக்கிச்சூடு நடந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சரணடையும்படி வல்லபாய் படேல் கேட்டுக்கொள்ள, 23-ஆம் தேதி எல்லாம் முடிந்தது. 476 மாலுமிகள் வேலையிழந்தார்கள். நாடு விடுதலை அடைந்த பிறகும் அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

கடற்படை பிற்பாடு அவர்களை மறக்கவில்லை. மும்பை கொலாபாவில் நினைவுச்சின்னம் இருக்கிறது. பி.சி. தத், அந்த எழுச்சியை முன்நின்று நடத்தியவர்களில் ஒருவரான மதன் சிங் ஆகியோர் பெயர்களில் இழுவைப் படகுகள் உண்டு. 2022 குடியரசு தின அணிவகுப்பில் கடற்படை ஊர்தியின் முன்பக்கத்தில் இருந்தது இந்த எழுச்சிதான். அப்படியிருக்க, நம் பத்திரிகைகளில் மட்டும் ஏன் ஒரு பத்தி கூட இல்லை?

இன்னொரு திருத்தம். பெட்டிச் செய்தியில் தமிழகக் கரை கொச்சியின் கீழ் வருவதாகப் போட்டிருக்கிறீர்கள். தமிழ்நாடும் புதுச்சேரியும் விசாகப்பட்டினத்தில் உள்ள கிழக்குக் கட்டளையின் (ஈஸ்டர்ன் கமாண்ட்) கீழ் வருகின்றன. கொச்சியில் இருக்கும் தெற்குக் கட்டளைக்கு முக்கிய வேலை பயிற்சி. படையில் சேர விரும்பும் பிள்ளைகள் இதைப் பார்த்துக் குழம்பிவிடக் கூடாது.

வரும் பிப்ரவரி 18-க்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். தல்வாரில் தொடங்கி கட்டாரியில் முடியுங்கள். அந்தக் காலத்தில் வேலையிழந்து ஊர் திரும்பிய மாலுமிகளின் குடும்பங்கள் நம் பக்கமும் இருக்கலாம். அவர்களிடம் இருக்கும் படங்களையும் கடிதங்களையும் அனுப்பச் சொல்லி ஒரு அறிவிப்பு இப்போதே போட்டால் நேரம் சரியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கடற்படை மாலுமி,
தூத்துக்குடி.